வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் மாற்றுவது: எப்போது, எங்கே, எவ்வளவு

விமானச் சீட்டு எடுத்த மறுநாளிலிருந்தே கைபேசியில் டாலர் விலையைக் காலையும் மாலையும் பார்க்கத் தொடங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். இன்று பத்துப் பைசா இறங்கியிருக்கிறது, நாளை இன்னும் இறங்குமா என்று காத்திருந்து, கடைசியில் நேரம் போதாமல் விமான நிலையத்துக் கவுன்ட்டரில் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு ஏறுவோம். பைசாக் கணக்குப் பார்த்துச் சேமித்ததைப் போலப் பல மடங்கு அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும். சுற்றுலாப் பயணிக்குச் சந்தை விலையைவிட, அதன் மேல் கடைக்காரர் வைக்கும் இடைவெளிதான் முக்கியம். எந்த நாளில் மாற்றுகிறோம் என்பது சில நூறு ரூபாய் விவகாரம். எந்த இடத்தில், எந்த வடிவத்தில் மாற்றுகிறோம் என்பது சில ஆயிரம் ரூபாய் விவகாரம்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சிங்கப்பூர் டாலரின் சந்தை விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தி.நகரில் ஒரு நாணய மாற்றுக் கடை 70 ரூபாய் 90 பைசாவுக்குத் தருகிறது. விமான நிலையக் கவுன்ட்டரில் 73 ரூபாய் 50 பைசா. ஆயிரம் டாலருக்கு வித்தியாசம் 2,600 ரூபாய். சாதாரண வாரங்களில் சந்தை விலையே ஒரு விழுக்காடு நகர்வது அரிது. அப்படி நகர்ந்தாலும் அது 700 ரூபாய்தான். 2013 ஆகஸ்டில் அமெரிக்க டாலர் ஒரே மாதத்தில் 60 சொச்சத்திலிருந்து 68 ரூபாயைத் தாண்டியதைப் போன்ற காலங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய சரிவை முன்கூட்டியே கணிக்க முடிந்தவர் சுற்றுலாவுக்குப் பணம் மாற்றும் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

எனவே முதல் வேலை, கடை சொல்லும் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடப் பழகுவது. இணையத்தில் தேடினால் கிடைப்பது வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் இடைவிலை. அந்த விலைக்கு நமக்கு யாரும் நோட்டுத் தர மாட்டார்கள். கடைப் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும். அதில் ‘செல்லிங்’ என்பது கடைக்காரர் நமக்கு விற்கும் விலை, ‘பையிங்’ என்பது நம்மிடமிருந்து அவர் வாங்கும் விலை. பயணம் புறப்படுகிறவர் முன்னதைப் பார்க்க வேண்டும். பலரும் குறைவாக இருக்கும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பில் வந்தபின் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். “கமிஷன் இல்லை” என்ற வாசகத்துக்கும் பெரிய பொருள் கிடையாது, கமிஷன் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். நான் எப்போதும் கேட்பது ஒரே கேள்வி: “ஆயிரம் டாலர் என் கைக்கு வர, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ரூபாய் கட்டணும்?” இதே கேள்வியை மூன்று கடைகளுக்குத் தொலைபேசியில் கேட்டு, வந்த தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

அந்த மொத்தத்தில் ஜிஎஸ்டியும் அடங்கும். நாம் மாற்றும் முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு வரி என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகையின் ஒரு விழுக்காட்டைச் சேவை மதிப்பாகக் கொண்டு, அதன் மேல்தான் 18 விழுக்காடு போடப்படும். மேலே சொன்ன 70,900 ரூபாய்க்குச் சேவை மதிப்பு 709 ரூபாய், வரி ஏறக்குறைய 128 ரூபாய். மிகச் சிறிய தொகை மாற்றினாலும் 45 ரூபாய் வரி உண்டு என்பதால், ஐம்பது ஐம்பது டாலராகப் பலமுறை வாங்குவதில் லாபமில்லை.

எப்போது வாங்கலாம்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்கு முன், திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஏதோவொரு வேலை நாளில், நண்பகலையொட்டி வாங்குவது போதுமானது. சனி, ஞாயிறுகளில் வங்கிகளுக்கிடையிலான சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எங்கே திறக்குமோ என்ற அச்சத்துக்கும் சேர்த்துக் கடைக்காரர் இடைவெளியை விரித்து வைத்திருப்பார். ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் இன்னும் சில நாட்கள் முந்திக்கொள்வது நல்லது. தாய்லாந்து பாத், மலேசிய ரிங்கிட் போன்ற நோட்டுகள் சிறு கடைகளில் அப்போது கையிருப்பில் இல்லாமல் போவதுண்டு. “நாளைக்கு வரும் சார்” என்ற பதிலை நம்பி நாட்களை ஓட்டக் கூடாது. மிக முந்தியும் வாங்க முடியாது. பயணத் தேதிக்கு 60 நாட்களுக்குள்தான் அந்நியச் செலாவணி வாங்க விதி இடம் தருகிறது. விலை ஏறிவிடுமோ என்று உறக்கம் வராதவர்கள், பாதியை இந்த வாரமும் மீதியை அடுத்த வாரமும் வாங்கினால் மனம் ஆறும். பணத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது.

எங்கே வாங்கலாம், என்ன கேட்பார்கள்

தனிநபர்களுக்குப் பணம் மாற்றித் தர உரிமை பெற்றவை ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் உள்ள வங்கிகளும் நாணய மாற்று நிறுவனங்களும்தான். அந்த உரிமத்தைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் இருக்கிறது. நமக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்பது இயல்பு என்றாலும், எல்லாக் கிளைகளிலும் நோட்டு இராது. வரவழைத்துத் தர நாட்கள் ஆகும், நோட்டு விலையும் கடைவீதிக் கடைகளைவிடக் கூடுதலாக இருப்பதே என் அனுபவம். அண்ணா சாலை, தி.நகர், எழும்பூர் போன்ற இடங்களில் உள்ள உரிமம் பெற்ற கடைகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதால் அங்கே பேரம் பேச இடம் உண்டு. பலகை விலைதான் கடைசி விலை என்று நினைத்து வாய் மூடி வாங்குவது, ரங்கநாதன் தெருவில் சொன்ன விலைக்குத் துணி எடுப்பதைப் போலத்தான். பக்கத்துக் கடையில் சொன்ன தொகையை நாம் சொன்னவுடன் இருபது, முப்பது பைசா இறங்குவது வாடிக்கை. பல நிறுவனங்கள் இணையத்தில் விலையை உறுதி செய்துகொண்டு நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தருகின்றன. அப்போதும் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடவுச்சீட்டு, பான் அட்டை, விமானச் சீட்டு, தேவைப்படும் நாட்டுக்கு விசா ஆகியவற்றைக் கேட்பார்கள். ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். இவை எதுவும் கேட்காமல், நல்ல விலையில், ரசீதும் இல்லாமல் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். கள்ள நோட்டு வந்தால் கேட்பதற்கு ஆளில்லை என்பதோடு, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது விதிமீறலும்கூட. ரூபாயை ரொக்கமாகக் கட்டுவதற்கு 50,000 என்ற வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டால் காசோலை, டெபிட் கார்டு, வங்கிப் பரிமாற்றம் என்று கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு ஒருவர் வாங்கக்கூடியது பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு ஈடான நாணயம். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் என்ற மொத்த வரம்பும், 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பணம் மாற்றித் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் டிசிஎஸ் வரியும் சாதாரணக் குடும்பச் சுற்றுலாவை எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இங்கேயா, அங்கேயா

உண்மையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ரூபாயைக் கொடுத்துப் போகும் நாட்டின் நாணயத்தை இங்கேயே வாங்குவதா, அல்லது அமெரிக்க டாலரை வாங்கிச் சென்று அங்கே மாற்றுவதா? இருமுறை மாற்றினால் இருமுறை நஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் டாலர் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரிதான்; சென்னையில் இவை தாராளமாகப் புழங்குவதால் இடைவெளி குறைவு, நேரடியாக வாங்கிவிடலாம். ஆனால் பாத், வியட்நாம் டாங், இலங்கை ரூபாய் போன்றவற்றுக்கு இங்கே வாங்குவோர் குறைவு, கையிருப்பும் குறைவு. அந்தச் சுமையைக் கடைக்காரர் விலையில் ஏற்றிவிடுவார்.

தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு பாத் 2 ரூபாய் 98 பைசா என்கிறார்கள். அதே கடையில் அமெரிக்க டாலர் 90 ரூபாய் 50 பைசா. பாங்காக்கில் ஒரு டாலருக்கு 32 பாத் தருகிறார்கள் என்று கொள்வோம். 90.50-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு பாத்தின் அடக்கவிலை 2 ரூபாய் 83 பைசா. 30,000 பாத் தேவைப்படும் குடும்பத்துக்கு 4,500 ரூபாய் மிச்சம். எண்கள் நாளுக்கு நாள் மாறும், முறை மாறாது: இங்கே டாலர் விலையை அங்கே கிடைக்கும் எண்ணால் வகுத்து, இங்கே நேரடியாக வாங்கும் விலையோடு ஒப்பிடுங்கள். பாங்காக்கின் பெரிய நாணய மாற்று நிறுவனங்கள் அன்றாட விலையைத் தங்கள் இணையதளத்தில் போடுவதால் வீட்டில் உட்கார்ந்தே இதைச் செய்துவிடலாம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைத் தளத்திலேயே வரிசையாக இருக்கும் கவுன்ட்டர்களைக் கடந்து, நகர ரயில் புறப்படும் அடித்தளத்துக்கு இறங்கிப் போங்கள். ரயில் வாயிலை ஒட்டியுள்ள கடைகளில் விலை கண்கூடாக வேறுபடும்.

அந்த அடித்தளத்தில்தான் நானும் ஒரு பாடம் கற்றேன். ஐந்து நூறு டாலர் நோட்டுகளைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, நான்கை ஒரு பக்கம் வைத்து, ஐந்தாவதைத் திருப்பி என்னிடமே தள்ளிவிட்டார். நோட்டின் வெள்ளை ஓரத்தில் யாரோ முன்பு குத்திய முத்திரையின் ஊதா மை, மிளகளவுதான் இருந்தது. பக்கத்துக் கடையிலும் அதே தலையசைப்பு. சென்னையில் ஒரு கடையில் அவசரமாக எண்ணி வாங்கியபோது கவனிக்காமல் விட்டது அது. பயணம் முழுவதும் பர்ஸிலேயே இருந்து என்னோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, “எண்ணிப் பாருங்க சார்” என்று கடைக்காரர் நீட்டும்போது நான் எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. முத்திரை, பேனாக் கிறுக்கல், கிழிசல், ஆழமான மடிப்பு இல்லாத, 2013 அக்டோபரில் வெளிவந்த நீலப் பட்டை கொண்ட புதிய நூறு டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குகிறேன். பாங்காக்கில் நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, சிறிய நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பலகையிலேயே தனித்தனியாக எழுதியிருப்பார்கள். எனவே மாற்றுவதற்காகக் கொண்டுபோகும் டாலரில் இருபது, ஐம்பது நோட்டுகள் வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல்கள் குறைவு. டாக்ஸிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையை இங்கேயே வாங்கிக்கொண்டு போய், கூடுதலாகத் தேவைப்பட்டால் லிட்டில் இந்தியாவில் மாற்றலாம். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. சிராங்கூன் சாலையின் கடைகளிலும் சையத் ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபா சென்டரிலும் நம் ரூபாயை வாங்கிக்கொள்வார்கள். அங்கே நாணய மாற்றுத் தொழில் தலைமுறைகளாகத் தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்து வந்திருப்பதால் பேரமும் தமிழிலேயே நடக்கும். கோலாலம்பூரிலும் இதே கதைதான்: செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபோ அம்பாங் தெருவில் நாணய மாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, நான்கு கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும். மலேசியாவுக்கு நான் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வர ஆகும் ரிங்கிட்டை மட்டும் சென்னையில் வாங்கிக்கொள்வேன்.

துபாய் செல்வோருக்கு ஒரு வசதி உண்டு. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அந்நாட்டு நாணயம் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சென்னையில் சொல்லும் திர்ஹாம் விலையை 3.67-ஆல் பெருக்கிப் பார்த்தால், அது டாலர் விலைக்கு அருகில் இருக்கிறதா, எகிறியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். இலங்கைக்கு அமெரிக்க டாலரைக் கொண்டுபோவதே நல்லது. கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் வங்கிகளின் கவுன்ட்டர்கள் வரிசையாக உள்ளன, அங்கே கிடைக்கும் விலை கொழும்பு நகரத்து வங்கி விலையை ஒட்டியே இருக்கும். விமான நிலையத்தில் மாற்றாதே என்ற பொது அறிவுரைக்கு இது விலக்கு. ரசீதைத் தொலைக்காதீர்கள், மீந்ததைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள். நேபாளம், பூடான் செல்வோருக்கு அந்நியச் செலாவணியே தரப்படுவதில்லை, நம் ரூபாயே அங்கு செல்லும்.

நோட்டா, அட்டையா

முழுத் தொகையையும் நோட்டாகச் சுமப்பது பாதுகாப்பும் அல்ல, மலிவும் அல்ல. நோட்டுகளை வரவழைத்து, காப்பீடு செய்து, பெட்டியில் பூட்டி வைக்கும் செலவு அதன் விலையில் இருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் அட்டையான ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் விலை பொதுவாக அதைவிடக் குறைவு. போகும் நாட்டின் நாணயம் அந்த அட்டையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டாலரை ஏற்றிக்கொண்டு போய் டாங்கிலோ இலங்கை ரூபாயிலோ செலவழித்தால் குறுக்கு மாற்றுக் கட்டணம் சேரும். சாதாரண கிரெடிட் கார்டில் மாற்று விலையின் மேல் வங்கி சேர்க்கும் மார்க்அப் 3.5 விழுக்காடு வரையும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 விழுக்காடு ஆகிவிடும். மார்க்அப் இல்லாத அட்டைகளும் இப்போது கிடைப்பதால், ஆண்டுக்கு ஒரு பயணமாவது போகிறவர் அதைத் தேடி வாங்குவதில் பொருள் உண்டு. ஓட்டலில் முன்பணமாகத் தொகையை நிறுத்தி வைப்பதற்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் நாட்கணக்கில் முடங்கிப்போகும். எந்த அட்டையானாலும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் வீட்டிலிருந்தே திறந்துவிட்டுப் புறப்படுங்கள். ஓடிபி வரும் இந்திய எண் அங்கே வேலை செய்யுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் அட்டையைத் தேய்க்கும்போது சில கருவிகள் “இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா?” என்று கேட்கும். நம் பணத்தில் தொகை தெரிவதால் பரிவாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு எப்போதும் மறுப்புதான் விடை. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விலையை நம் வங்கிக்குப் பதிலாக அந்தக் கருவியின் நிறுவனம் போடும்; அது நமக்குச் சாதகமாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். காசாளர் தானாகவே ரூபாயை அழுத்திவிட்டால், ரசீதில் கையெழுத்திடும் முன் ரத்து செய்யச் சொல்லலாம். ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வேறு சொற்களில் வரும்.

ஏடிஎம்மில் எடுப்பதானால் குறைந்த முறை, அதிகத் தொகை என்பதே கணக்கு. தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு முறைக்கு 220 பாத் அல்லது அதற்கு மேலும் பிடிக்கிறார்கள்; 2,000 பாத் எடுத்தால் அதில் 11 விழுக்காடு கட்டணத்துக்கே போய்விடும், 20,000 எடுத்தால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். நம் வங்கி பிடிப்பது தனி. இலங்கையிலும் மொரிஷியஸிலும் 2024 பிப்ரவரி முதல் யுபிஐ மூலம் கடைகளில் கட்ட வழி வந்திருக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சில கடைகளில் இயலும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கைவீசிக்கொண்டு போகும் காலம் இன்னும் வரவில்லை. டெக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையிலும் பத்துமலை அடிவாரத்து இளநீர்க்காரரிடமும் நோட்டுதான் எளிது. சிங்கப்பூர் போன்ற இடத்துக்கு நான்கில் ஒரு பங்கை நோட்டாகவும் மீதியை அட்டையாகவும் கொண்டுபோகிறேன். தாய்லாந்து, இலங்கைச் சிற்றூர்களுக்குப் பாதியாவது நோட்டு வேண்டும்.

திரும்பி வந்தபின்

மீந்ததை உடனே மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்படத் தேவையில்லை. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்காக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். டாலர், யூரோ என்றால் வைத்திருப்பது நல்லது. பாத், ரிங்கிட் நோட்டுகளை இங்கே திரும்ப வாங்கும் விலை மிகவும் குறைவு என்பதால், அந்த நாட்டிலேயே கடைசி நாளில் ஓட்டல் கணக்கின் ஒரு பகுதியை மிச்ச நோட்டால் கட்டி, மீதியை அட்டையில் தீர்ப்பது என் வழக்கம். சில்லறைக் காசுகளை நாணய மாற்றுக் கடைகள் பொதுவாக வாங்குவதில்லை. அவற்றைக் கவுன்ட்டரில் கொட்டித் தண்ணீர் பாட்டிலோ பிள்ளைகளுக்குச் சாக்லேட்டோ வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.